அயர்லாந்து: பச்சைக்குப் பின்னால் ஒரு பசி!

அயர்லாந்தின் மேற்குப் பக்கக் கிராமச் சாலைகளில் கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் ஆச்சர்யம், ஒரு விரல். எதிரே வரும் டிராக்டர்காரரோ, தபால் வேன்காரரோ, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமலேயே ஆள்காட்டி விரலை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டுவார். 'நல்லா இருக்கீங்களா, போய்ட்டு வாங்க' என்று அதற்கு அர்த்தம். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. இரண்டு நாள் அந்தச் சாலைகளில் சுற்றினால் போதும், வெளியூர்க்காரரின் விரலும் தன்னால் எழும்ப ஆரம்பித்துவிடும்.

சாலையோ ரொம்பக் குறுகல். சில இடங்களில் நடுவில் புல் முளைத்திருக்கும். இரண்டு பக்கமும் கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஆடுகள். முதுகில் சிவப்பு, நீலம் என்று பெயின்ட் அடையாளம். எது யார் வீட்டு ஆடு என்று தெரிவதற்காக! அதற்கும் அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சை. இளம்பச்சை, கரும்பச்சை, மஞ்சள் கலந்த பச்சை என்று அத்தனை பச்சை. 2022 கணக்கெடுப்பின்படி அயர்லாந்து குடியரசில் மக்கள் சுமார் 51 லட்சம் பேர். மாடுகளோ அதைவிட அதிகம், கிட்டத்தட்ட 70 லட்சம்.

படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால், கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். இத்தனை நல்ல நிலம்... மனிதர்கள் எங்கே?

மழையைத் திட்டாத ஊர்

மனிதர்களைத் தேடும் முன், அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். மேற்குக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 225 நாள்கள் மழை உண்டு. உடனே, கொட்டித் தீர்க்கும் மழை என்று நினைத்துவிட வேண்டாம். டப்ளின் நகரத்தின் ஆண்டு மழை சுமார் 750 மி.மீ.தான். நம் சென்னையில் ஏறத்தாழ அதன் இரண்டு மடங்கு பெய்கிறது. நமக்கு அது சில வாரங்களில் கொட்டிவிடுகிறது. அவர்களுக்கு வருடம் பூராவும் தூறிக்கொண்டே இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அட்லான்டிக் கடலின் வெந்நீரோட்டம் கரையை ஒட்டிப் போவதால் கடுங்குளிரும் அதிகம் கிடையாது. அதனால் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் புல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. குடை பிடிக்கவும் முடியாத, சட்டை நனையாமலும் இருக்காத அந்தச் சாரல் நாளுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர், 'மிருதுவான நாள்'. வழியில் எதிர்ப்படுபவரிடம் "இன்னிக்கு மிருதுவான நாள், கடவுளுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

கல்லை அடுக்கிய கைகள்

கால்வே வளைகுடாவுக்கு எதிரே கடலுக்குள் இருக்கின்றன மூன்று ஆரன் தீவுகள். படகில் இறங்கியதும் கண்ணில் படுவது கல்தான். தீவே ஒரு பெரிய சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வயல்கள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கல் சுவர்.

இந்தச் சுவர்களில் சாந்து கிடையாது, சிமென்ட் கிடையாது. கல்மேல் கல்லை வாகு பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். இடையில் இருக்கும் இடைவெளி வழியாக வெளிச்சம் தெரியும். 'இது என்ன, அரைகுறை வேலையா இருக்கே' என்று தோன்றும். ஆனால், அந்த ஓட்டைகள் இருப்பதால்தான் அட்லான்டிக் புயல் காற்று சுவரைத் தள்ளாமல் ஊடுருவிப் போய்விடுகிறது. பல வயல்களுக்குக் கதவும் கிடையாது. மாட்டை வெளியே ஓட்ட வேண்டுமானால், சுவரில் ஒரு பகுதியைக் கலைத்துவிட்டு, மாடு போனதும் திரும்ப அடுக்கிவிடுவார்கள். சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலையை 2024-ல் யுனெஸ்கோ தன் பாரம்பர்யப் பட்டியலில் அயர்லாந்துக்காகவும் சேர்த்தது.

இதைவிட ஆச்சர்யம், சுவருக்குள் இருக்கும் மண். அது தானாக வந்த மண் இல்லை. கடற்கரையிலிருந்து மணலையும் கடற்பாசியையும் முதுகில் கூடை கூடையாகச் சுமந்து வந்து, வெறும் பாறைமேல் கொட்டி, மட்கவைத்து, தலைமுறை தலைமுறையாக உண்டாக்கிய மண். அதில்தான் உருளைக்கிழங்கு போட்டார்கள். மண்ணையே தயாரித்து விவசாயம் பார்க்கும் அளவுக்கு அவர்களை எது விரட்டியது? அந்தக் கேள்விக்குப் பதில், கரைக்கு இந்தப் பக்கம் மலைச்சரிவுகளில் இருக்கிறது.

காலி வீடுகள் சொல்லும் கணக்கு

மேயோ மாவட்டத்தில் இருக்கும் அகில் தீவில், ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் ஒரு கிராமம். ஏறத்தாழ 80 வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுக்கும் கூரை இல்லை. உள்ளே புல் முளைத்து, ஆடு மேய்கிறது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது, சுற்றிலும் மலைச்சரிவில் கோடு கோடாக ஏதோ தெரியும். அவை மேட்டுப்பாத்திகள். யாரோ உருளைக்கிழங்கு போட்ட பாத்திகள், இன்னமும் அழியாமல் கிடக்கின்றன.

1841 கணக்கெடுப்பின்படி அயர்லாந்துத் தீவின் மக்கள்தொகை சுமார் 82 லட்சம். நல்ல நிலமெல்லாம் பெரிய நிலக்கிழார்களின் கையில். ஏழைக் குத்தகைக்காரர்களுக்கு மிஞ்சியது துண்டு நிலம். துண்டு நிலத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பக்கூடிய ஒரே பயிர் உருளைக்கிழங்கு. மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் அதை நம்பியே வாழ்ந்தார்கள். 1845-ல் ஒரு நோய் வந்து தாக்கியது. செடி கருகி, தோண்டிய கிழங்கு கையில் கூழாகிப்போனது. அடுத்த ஆண்டும் அதே கதை. 1852-க்குள் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். இன்னும் 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள்.

கிழங்குதான் அழுகியதே தவிர, நாட்டில் தானியமும் கால்நடையும் இருந்தன. பஞ்ச ஆண்டுகளிலும் உணவுப் பொருள்கள் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டுதான் இருந்தன. அயர்லாந்துக்காரர்களால் இன்றுவரை ஆறாத இடம் இதுதான்.

அதே மேயோ மாவட்டத்தில் டூலாக் என்றொரு பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் மலை, நடுவில் ஒற்றைச் சாலை. 1849 மார்ச் மாதக் கடைசியில், நிவாரணம் பெறும் தகுதி இருக்கிறதா என்று பரிசோதிக்க வருமாறு பட்டினி கிடந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு உத்தரவு வந்தது. அதிகாரிகள் தங்கியிருந்த மாளிகையோ சுமார் 19 கி.மீ. தள்ளி. குளிரிலும் மழையிலும் இரவோடு இரவாக நடந்தார்கள். வழியிலேயே பலர் விழுந்து இறந்தார்கள். அந்தச் சாலையோரத்தில் இப்போது ஒரு கல் சிலுவை நிற்கிறது. சக மனிதர்களைச் சிறுமைப்படுத்துவதில் சிலர் எப்படிப் பெருமை காண்கிறார்கள் என்று வியந்து மகாத்மா காந்தி கேட்ட கேள்வி அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அந்தப் பெயரைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறார்கள்.

அந்த இருட்டிலும் ஒரு வெளிச்சம் உண்டு. 1847-ல் அமெரிக்காவின் சாக்டா பழங்குடி மக்கள் பஞ்சச் செய்தி கேள்விப்பட்டு 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். அவர்களே சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டு, வழியெல்லாம் பிள்ளைகளைப் புதைத்து வந்தவர்கள். அது நடந்து இருபது வருடம்கூட ஆகவில்லை. கார்க் மாவட்டத்தின் மிடில்டன் ஊரில் அவர்களின் நினைவாக, ஒன்பது பெரிய எஃகு இறகுகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. 2020-ல் கொரோனா நேரத்தில் அமெரிக்காவின் நவஹோ, ஹோபி பழங்குடியினர் தவித்தபோது, அயர்லாந்திலிருந்து நன்கொடைகள் குவிந்தன. 'அன்று வாங்கிய கடன்' என்றார்கள்.

கப்பலேறும் பழக்கம் பஞ்சத்தோடு நிற்கவில்லை. நூறு வருடத்துக்கும் மேல் தொடர்ந்தது. இன்று தீவு முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் மக்கள் சுமார் 70 லட்சம்தான். 180 ஆண்டுகள் கழித்தும் பழைய கணக்கை எட்டவில்லை. போகிற வழியெல்லாம் ரசித்த அந்த அமைதிக்கும் வெறுமைக்கும் காரணம் இதுதான்.

கழுத்தில் தொங்கிய குச்சி

பஞ்சம் ஆளை மட்டும் கொண்டுபோகவில்லை, பேச்சையும் கொண்டுபோனது. இறந்தவர்களிலும் கப்பலேறியவர்களிலும் பெரும்பகுதி, ஐரிஷ் மொழி பேசிய ஏழை மக்கள்.

அதற்கு முன்பிருந்தே பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஐரிஷில் பேசிய ஒவ்வொரு முறைக்கும் குச்சியில் ஒரு வெட்டு. சாயங்காலம் வெட்டுகளை எண்ணி அடி. இதில் கொடுமை என்னவென்றால், பல பெற்றோர்களே இதற்குச் சம்மதித்தார்கள். பிள்ளை என்றைக்காவது அமெரிக்காவுக்குப் போக வேண்டியவன். ஆங்கிலம் தெரியாவிட்டால் எப்படிப் பிழைப்பான் என்கிற பயம்.

இன்று ஐரிஷ்தான் அரசியல் சட்டப்படி நாட்டின் முதல் ஆட்சிமொழி. எல்லாப் பள்ளியிலும் பாடம். 2022 கணக்கெடுப்பில் சுமார் 18.7 லட்சம் பேர் 'ஐரிஷ் பேச வரும்' என்றார்கள். ஆனால், பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72,000 பேர்தான். மேற்குக் கரையோரத்தில் 'கேல்டாக்ட்' எனப்படும் ஐரிஷ் பேசும் பகுதிகள் திட்டுத் திட்டாக மிஞ்சியிருக்கின்றன. கோடை விடுமுறையில் நகரத்துப் பிள்ளைகள் அங்கே வந்து, மூன்று வாரம் ஒரு குடும்பத்தோடு தங்கி மொழி கற்கிறார்கள். சாப்பாடு போட்டு, பேச்சும் சொல்லிக் கொடுக்கும் அந்த வீட்டம்மாவுக்கு 'பேன் அன் தீ', அதாவது 'வீட்டின் பெண்' என்று மரியாதைப் பெயர். பிள்ளைகளைத் தங்கவைக்கும் குடும்பத்துக்கு அரசு உதவித்தொகையும் தருகிறது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த மொழி ஒரு விதத்தில் அந்நியமாகவே தோன்றாது. ஐரிஷில் 'ஆமாம்', 'இல்லை' என்பதற்குத் தனிச் சொல் கிடையாது. 'சாப்பிட்டாயா?' என்று கேட்டால் 'சாப்பிட்டேன்' அல்லது 'சாப்பிடவில்லை' என்றுதான் பதில். பசியை அவர்கள் 'பசி என்மேல் இருக்கிறது' என்பார்கள். வருத்தமும் அப்படியே, மேலே வந்து உட்கார்ந்திருக்கும் பாரம்.

இன்னொரு நிஜமான உறவும் உண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்டு, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்நாளைக் கழித்த கால்டுவெல், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு மகனாக 1814-ல் பிறந்தது இந்தத் தீவின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில். பாரதியார் தன் குருவாகக் கொண்ட சகோதரி நிவேதிதா பிறந்ததும் இதே தீவில், டங்கானன் என்ற ஊரில். இரண்டு இடங்களும் இன்றைய வட அயர்லாந்தில் இருக்கின்றன.

ஊர்ப் பெயர்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் நில அளவைக்காரர்கள் வரைபடம் தயாரித்தபோது, ஐரிஷ் பெயர்களை ஆங்கிலக் காதுக்கு ஏற்றபடி எழுதிவைத்தார்கள். 'பால்யா' என்றால் ஊர். அது 'பாலி' ஆனது. நாடெங்கும் 'பாலி' என்று தொடங்கும் ஊர்களில் பல இப்படி வந்தவைதான். 2005-ல் அரசு, கேல்டாக்ட் பகுதிப் பெயர்ப்பலகைகளில் ஐரிஷ் பெயர் மட்டும்தான் இருக்கும் என்று அறிவித்தது. நல்ல காரியம்தானே? ஆனால், சுற்றுலாவை நம்பிய டிங்கிள் ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். 'உலகத்துக்குத் தெரிந்த டிங்கிள் என்ற பெயரை எடுத்துவிட்டால் வருகிறவர்கள் எப்படி வழி கண்டுபிடிப்பார்கள்?' என்றார்கள். 2006-ல் உள்ளூர் வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் இரண்டு பெயரும் வேண்டும் என்று வாக்களித்தார்கள். மொழியைக் காப்பதா, பிழைப்பைக் காப்பதா என்ற அந்தப் பழைய கேள்வி வேறு உருவத்தில் திரும்ப வந்து நின்றது.

பாட்டும் பந்தும்

ராத்திரி ஆனால் ஊர் கூடும் இடம் பப். குடிப்பதற்கு மட்டுமான இடம் என்று நினைத்தால் தவறு. சில ஊர்களில் ஒரு பக்கம் ஆணி, பெயின்ட் விற்கும் ஹார்டுவேர் கடை, மறுபக்கம் பப் என்று ஒரே கூரையின் கீழ் இருக்கும். டீ குடித்துக்கொண்டே பாட்டுக் கேட்டுவிட்டு வரலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உலகத்திலேயே தலைக்கு அதிகமாக டீ குடிக்கும் நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று!

அங்கே மேடை கிடையாது. பிடில், புல்லாங்குழல், முழங்கையால் அமுக்கி வாசிக்கும் ஐரிஷ் பைப் என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். திடீரென்று ஒருவர் கண்ணை மூடி, எந்தக் கருவியும் இல்லாமல் பழைய பாணியில் பாட ஆரம்பிப்பார். அத்தனை சத்தமும் அடங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர் சில சமயம் பாடகரின் கையைப் பிடித்து மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பார், 'பாடு, நான் இருக்கேன்' என்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மைதானம். ஹர்லிங் என்பது மரமட்டையால் பந்தை அடித்து, பிடித்து, ஓடும் ஆட்டம். இறுதிப் போட்டி டப்ளினின் க்ரோக் பார்க்கில் நடக்கும்போது 82,000 பேர் கூடுவார்கள். ஆனால், ஆடுகிற ஒருவருக்கும் சம்பளம் கிடையாது! ஞாயிறு கோப்பையைத் தூக்கியவர், மற்ற நாள்களில் வகுப்பில் பாடம் நடத்துவார் அல்லது பால் கறந்துகொண்டிருப்பார். பிறந்த ஊருக்காகத்தான் ஆட்டம். மட்டை செய்யும் ஆஷ் மரங்களை ஒரு பூஞ்சை நோய் இப்போது அழித்து வருகிறது என்பது ரசிகர்களின் பெரிய கவலை.

சாவு வீட்டில் டீ

அயர்லாந்துக் கிராமத்தை அறிய வேண்டுமானால் கல்யாண வீட்டைவிடச் சாவு வீட்டைப் பார்க்கச் சொல்வார்கள். உள்ளூர் வானொலியில் தினமும் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். கேட்டதும் ஊரே கிளம்பிவிடும். இறந்தவரின் உடல் வீட்டிலேயே இருக்கும். கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடியைத் துணியால் மூடுவது பழைய வழக்கம். ராத்திரி முழுக்க யாராவது ஒருவர் உடலருகே இருப்பார். அடுக்களையில் டீயும் சாண்ட்விச்சும் ஓயாது. இறந்தவரின் வேடிக்கைக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பார்கள், அழுவார்கள், திரும்பச் சிரிப்பார்கள்.

ஒரு காலத்தில் ஒப்பாரியும் இருந்தது. அதற்கென்றே பெண்கள் வருவார்கள். இறந்தவரின் குலம், குணம் எல்லாவற்றையும் அடுக்கிப் பாடி அழுவார்கள். தேவாலயம் அதைக் கண்டித்ததால் மெல்ல மறைந்துபோனது.

உயிரோடு இருப்பவர்களுக்கும் ஒரு காலத்தில் இப்படி ஒரு இரவு இருந்தது. மகனோ மகளோ அமெரிக்காவுக்குக் கப்பலேறும் முந்தின ராத்திரி, ஊர் கூடி விடிய விடியப் பாடும். அதற்குப் பெயரே 'அமெரிக்கச் சாவு ராத்திரி'. திரும்பப் பார்க்கப்போவதில்லை என்று பெற்றோருக்குத் தெரியும். அந்த வீடுகளில் பல இன்று கூரையில்லாமல் நிற்கின்றன.

ஐரிஷில் ஒரு பழமொழி உண்டு. 'ஒருவர் நிழலில் ஒருவர் வாழ்கிறோம்' என்பது அதன் பொருள். நிழல் என்ற அவர்கள் சொல்லுக்கும், தமிழில் இருப்பதுபோலவே, அடைக்கலம் என்ற அர்த்தமும் உண்டு.

இப்போது காற்று திசை மாறி வீசுகிறது. ஆள் அனுப்பிய நாடு, ஆள் வரவேற்கிறது. 2022 கணக்குப்படி இந்தியக் குடிமக்கள் மட்டும் சுமார் 45,000 பேர் அங்கே வாழ்கிறார்கள். மருத்துவமனைக்குப் போனால் நம் ஊர் நர்ஸ்களைப் பார்க்கலாம்.

அணையப்போகும் அடுப்பா?

கிராமத்துக்குள் நுழைந்ததும் ஒரு மணம் வரும். மண்ணும் புகையும் கலந்த மணம். சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டி, கோடையில் காயவைத்து, நம் ஊர் வறட்டிபோல அடுக்கி, குளிர்காலத்தில் எரிப்பார்கள். பெயர் 'டர்ஃப்'. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வெட்டும் உரிமையுள்ள துண்டு நிலம் இருக்கும். வெட்டுவது குடும்பமே சேர்ந்து செய்யும் வேலை.

ஆனால், அந்தச் சதுப்பு மண் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. தாத்தா ஒரு நாளில் வெட்டியதை இயற்கை திரும்ப உண்டாக்க ஆயிரம் ஆண்டு ஆகும். வெட்டி எரித்தால் உள்ளே புதைந்திருக்கும் கரியெல்லாம் காற்றில் கலக்கிறது. அரசு நிறுவனமான போர்ட் நா மோனா 2021-ல் மண் வெட்டுவதை நிறுத்திவிட்டது. 2022 அக்டோபர் இறுதியிலிருந்து கடைகளிலும் இணையத்திலும் டர்ஃப் விற்கத் தடை. சொந்த உரிமையுள்ளவர்கள் தங்களுக்காக வெட்டிக்கொள்ளலாம். 'பூமி சூடாவதை எங்கள் அடுப்பில்தான் நிறுத்த வேண்டுமா?' என்று முதியவர்கள் கேட்கிறார்கள். 'வேறு வழியில்லை' என்கிறார்கள் பேரப்பிள்ளைகள். இரண்டு பேச்சும் ஒரே அடுப்பைச் சுற்றித்தான் நடக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு...

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூனில் இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது, தனி விசா வேண்டும். இந்தியர்களுக்கு இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் ஒரே விசாவில் சுற்றும் திட்டம் ஒன்று இருப்பதால், விண்ணப்பிக்கும் முன் விசாரித்துக்கொள்ளலாம். நம்மைப்போலவே இடதுபக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும். குடை வேண்டாம், காற்று திருப்பிவிடும், மழைக்கோட்டு போதும். சைவக்காரர்கள் சோடா ரொட்டி, வெண்ணெய், உருளைக்கிழங்கை நம்பிப் போகலாம். யாராவது வீட்டில் டீ கொடுத்தால் முதல் தடவை 'வேண்டாம்' என்பது அங்கே மரியாதை. கவலை வேண்டாம், மூன்று தடவை கேட்பார்கள்!

டிங்கிள் பக்கம் போனால், டன்குயின் கரையிலிருந்து கிளம்பும் படகை மட்டும் தவறவிடாதீர்கள். கடல் அமைதியாக இருக்கும் நாளில்தான் போகும்.

கடைசி 22 பேர்

அந்தப் படகு போய்ச் சேரும் இடம் கிரேட் பிளாஸ்கெட் தீவு. ஒரு காலத்தில் 170-க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த மீனவத் தீவு. மின்சாரம் இல்லை, டாக்டர் இல்லை, தேவாலயம்கூட இல்லை. ஆனால், அங்கிருந்துதான் ஐரிஷ் மொழியின் புகழ்பெற்ற தன்வரலாறுகள் வந்தன. மீனவர் தோமாஸ் ஓ கிரிஹான் எழுதியது 1929-ல் வெளியானது. பெய்க் சேயர்ஸ் என்ற பெண்மணி தன் கதையை வாயால் சொல்ல, மகன் எழுதிக்கொள்ள, 1936-ல் அச்சானது.

இளைஞர்கள் ஒவ்வொருவராக அமெரிக்காவுக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் மூடப்பட்டது. 1947 தொடக்கத்தில் ஓர் இளைஞர் நோயால் தவித்தார். புயலில் டாக்டர் வர முடியவில்லை. அவர் இறந்துபோனார். அதே ஆண்டு ஏப்ரலில் புயலில் சிக்கி, சாப்பிட ஒன்றுமில்லை என்று பிரதமர் டி வலேராவுக்குத் தந்தி அடித்தார்கள். கடைசியில் 1953 நவம்பர் 17 அன்று, மிஞ்சியிருந்த 22 பேரை அரசு கரைக்குக் கொண்டுவரத் தொடங்கியது. எதிர்க்கரையில் வீடு கொடுத்தார்கள். வாசலில் நின்றால் தீவு தெரியும்.

இப்போது ஒவ்வொரு கோடையிலும் அந்தத் தீவைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரை வேலைக்கு எடுக்கிறார்கள். மின்சார இணைப்பு இல்லை, குழாயில் வெந்நீர் இல்லை என்று விளம்பரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். 2020-ல் அந்த விளம்பரம் உலகம் முழுக்கப் பரவி, ஆயிரக்கணக்கானவர்கள் விண்ணப்பித்தார்கள். அங்கே பிறந்தவர்களால் வாழ முடியாமல் போன இடத்தில் ஒரு கோடையாவது இருந்துபார்க்க அத்தனை பேருக்கு ஆசை.

தீவுக்குப் போகிறவர்கள் இடிந்த வீடுகளுக்கு நடுவே நடக்கிறார்கள், கீழே மணலில் படுத்திருக்கும் சீல்களைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். கடைசிப் படகுக்கு அழைப்பு வந்ததும் எல்லோரும் இறங்கிப் போய்விடுகிறார்கள். செப்டம்பர் முடிந்ததும் காவலிருக்கும் இருவரும் கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு வசந்தம் வரும்வரை, எதிர்க்கரையிலிருந்து பார்த்தால், அங்கே ஒரு வீட்டிலும் விளக்கு எரியாது.